கறுத்த வெள்ளி ரூபாய்

ஷார்ஜா

அன்புள்ள நாகஜோதி,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி தேவலையா? சிங்கம்புணரியில் மழை உண்டா?

என் அறையில் இருக்கும் நாகர்கோவில் ஜோசப் அண்ணன் பழைய காசு சேர்க்கிறவர். பொழுது போகாமல் நானும் ஆரம்பித்தேன். முதலில் வாங்கிய வெள்ளிக் காசு கறுத்திருந்தது. நீ செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழைய காசைத் தேய்க்கலாமாப்பா? அந்தக் கறுப்புலதானே மதிப்பு. இனி வெள்ளி எடைக்குத்தான் போகும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நேற்று போனில், "பொங்கலுக்கு வெள்ளியெல்லாம் விளக்கணும். நீங்க எப்ப வாரீக?" என்றாய். அப்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் மகள் யாழினியின் அரைஞாணில் கோத்திருந்த வெள்ளி ரூபாயை மட்டும் விளக்காதே. ஓட்டை போட்ட காசை யாரும் சேர்க்க மாட்டார்களாம், போகட்டும். பிள்ளையை அடக்கம் செய்யுமுன் நீதான் அதைக் கழற்றினாய். இரண்டு வருஷம் அவள் இடுப்பில் கிடந்து, அவள் வேர்வையில் கறுத்த காசு அது.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

ஒருவேளை அதை ஏற்கெனவே விளக்கிவிட்டிருந்தால், என்னிடம் சொல்லாதே.

பூமிநாதன்