என் கை விழுந்த இடம்

கௌதோகெய்னோ
19 ஏப்ரல் 1983

மகள் எல்லிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் அறைக்குள்ளும் வரட்டும்.

இங்கே பனி இன்னும் முழங்கால் ஆழம். வியாழக்கிழமைப் பேருந்தில் உலர்ந்த கலைமான் இறைச்சி நான்கு துண்டும், கம்பளிக் கையுறை ஒரு ஜோடியும் அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்.

சனிக்கிழமை வானொலியில் நீ பாடிய யோய்க் வந்தது. சொல்லே இல்லாமல் ஓர் ஆளைக் குரலிலேயே கொண்டுவரும் அந்தப் பழைய பாட்டு, எங்களைப் போன்ற சபைக்காரர் வீட்டில் ஒலிப்பது பாவம். கையெல்லாம் மாவாக இருந்ததால் அணைக்க முடியவில்லை. மொத்தம் இரண்டு நிமிடம் பத்து நொடி; நோட்டில் குறித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். காபிக்கொட்டையை எடைபோட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைக் கண்டதும் அந்த யோய்க்கையே வாய்க்குள் முனகினார். அங்கே நின்ற பக்கத்து வீட்டுச் சூஸ்ஸாவுக்குத்தான் அடக்கம் கிடையாதே. "பேரும் இல்ல, ஒரு சொல்லும் இல்ல. ஆனா மூணாவது மூச்சுலயே நீதான்னு தெரிஞ்சுபோச்சு பெரெத். கதவைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பியே, அதைக்கூட விடல உன் மக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மைதான். குட்டை குட்டையாக, ஈரமில்லாத சுரங்கள். நான் நடப்பது அப்படித்தான். எழும்பப் பார்த்து எழும்பாமலே திரும்பிவிடுகிறதே, நான் ஜெபிப்பதும் அப்படித்தானோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெற்றவளை ஊர் சிரிக்க நிறுத்திவிட்டாய். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் நடுவில் ஓரிடத்தில் குரல் சட்டென்று அடைத்துப்போகிறது. நான் மூச்சு வாங்குவது என்கிறாள் சூஸ்ஸா. அவளுக்குத் தெரியாது. அது என் கை. உன் அப்பாவை இறக்கிய அன்று, குழியருகே நின்று நீ அவருடைய யோய்க்கைப் பாடத் தொடங்கினாய். இழுத்து நடக்கும் அவர் இடது கால் அதில் வந்துவிட்டது, நாயைக் கூப்பிட அவர் குரல் மேலே ஏறப் போகிறது, அதற்குள் போதகருக்கு முன்னால் உன் வாயைப் பொத்தினேன். உன் பல் என் உள்ளங்கையில் பட்டது. ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

யோய்க் பாடினவருக்குச் சொந்தமில்லை, பாடப்பட்டவருக்கே சொந்தம் என்பது நம் வழக்கம். அப்படியானால் இது என்னுடையது. குரல் அடைக்கும் அந்த இடத்தை மட்டும் மாற்றாதே. அது சரியாக இருக்கிறது.

ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, கல்லறைத் தோட்டத்தைப் பெருக்குவது என் முறை. அன்றைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள். பதினோரு மணிக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போவேன். இரண்டு வாளி. எனக்கு இப்போது மெதுவாகத்தான் நடக்க முடிகிறது; ஒரு யோய்க் முழுதாக முடிவதற்குள் திரும்ப மாட்டேன். அன்று வீட்டுக் கதவையும் பூட்டாமல் போவேன்.

கர்த்தர் உன் தொண்டையைக் காப்பாராக.

உன் அம்மா,
பெரெத்