கதவுக்கு இந்தப் பக்கம்

அக்கா,

குழந்தைக்கு இன்று முப்பத்தொன்பதாவது நாள். ஒரு வாரத்தில் எடை நாற்பது கிராம்தான் கூடியிருக்கிறது. மார்பில் வைத்ததும் வில்லாக வளைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுகிறாள். எனக்கு இடது பக்கம் புண்ணாகிவிட்டது. மற்றபடி சௌகரியம்.

நர்ஸ் வந்து பார்த்தார். "வாயை நல்லாத் தொறக்கட்டும், அப்புறம் அணைச்சுக்கோங்க. அவசரப்பட்டா காம்பை மட்டும் கடிப்பா" என்றார். "உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

மாலையில் பால் கொடுத்துவிட்டு, சாத்தியிருந்த அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "உள்ள ரெண்டு பேரும் அழுதீங்களா?" என்று கேட்டார். முகம் கழுவப் போய்விட்டேன்.

உன் மகன் பிறந்தபோது அம்மா வீட்டில் நீயும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வாய். மூன்றாம் வாரம் பால் புட்டியோடு வெளியே வந்தாய். "உனக்குப் பொறுமையே கிடையாதுக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை.

அன்று உள்ளே குழந்தை மட்டும்தான் அழுதது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கை