ஆற்றுத் துறையில் கிடைத்த தோள் சின்னம்

செப்டம்பர் 14, 1903

மழை இல்லை. ரொட்டி மாவு பிசையும்போது மறுபடி வண்டிச் சத்தம். வாசலுக்கு ஓடினேன். வெறும் புழுதி. "எத்தனை தடவைதான் ஓடுவே, ஹெஸ்டர்?" என்றார் என் கணவர் கெர்ட். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 17

இன்று என் மகன் கோபஸுக்கு எட்டு வயது. இரண்டு வருஷம் முன், போர் நடந்தபோது, ஆங்கிலேயர் இந்த வீட்டைக் கொளுத்திய அன்று அவனுக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்தது. மழை கொட்டியது. என்னைச் சிறை முகாமுக்கு வண்டியேற்றினார்கள். அவனை மருத்துவப் படைக்காரன் ஒருவன் தன் வண்டியில் தூக்கிக்கொண்டான். கைப்பட்டையில் சிவப்புச் சிலுவை. கேப் காலனி ஆள், ஆங்கிலேயர் படையில் இருந்தாலும் நம் மொழியிலேயே பேசினான். "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நானே வந்து சொல்றேம்மா."

வரவில்லை. அப்படி ஒரு பிள்ளையே வரவில்லை என்றது ஆஸ்பத்திரி. அவனைச் சபிக்காத நாளில்லை. எங்கே வைத்திருக்கிறான் என் பிள்ளையை?

செப்டம்பர் 26

கிணற்றடியில் இருமல். கோபஸின் இருமல்தான். பட்டப்பகலில்.

அக்டோபர் 3

ஆறு வற்றிவிட்டது. மாடு மேய்க்கும் மொகெட்சி ஓடிவந்தார். "நீங்க வேணாம்மா. ஐயா மட்டும் வரட்டும்."

போனேன். வண்டி கடக்கும் துறைக்குக் கீழே, காய்ந்த சேற்றில், உடைந்த சக்கரம். ஓர் ஆளின் எலும்புகள். தோளருகே பச்சை பூத்த பித்தளை எழுத்துகள் — கேப் மருத்துவப் படையின் சின்னம். அவன் கைகளுக்குள் மட்கிய ராணுவ மேலங்கி, கழுத்துவரை பொத்தான் போட்டபடி. அதற்குள் —

அதற்குள் சின்ன எலும்புகள்.

தன் கோட்டைப் போட்டுவிட்டிருக்கிறான். பொத்தானும் மாட்டி. ஐயோ, நான் என்னென்ன சொன்னேன் அவனை.

அக்டோபர் 9

படைவீரர் கல்லறைகளைப் பார்க்கும் அதிகாரி வந்தார். சின்னத்தைத் துடைத்துப் பார்த்தார். "அந்தப் படைக்கு இப்ப பேரும் வேற, சின்னமும் வேற. இந்த எழுத்தை இனி யாரும் குத்த மாட்டாங்க." சேற்றில் கிடந்தவன் பெயர் எட்வின் ஹாலெட் என்றார். வண்டியோடு ஓடிப்போனவன் என்று பதிந்திருக்கிறார்களாம். படையின் நினைவுக்கல்லில் பெயர் கிடையாது. நகரத்துக்கு வந்து நான் சத்தியம் செய்து சொன்னால் மாறுமாம்.

அக்டோபர் 10

"அவங்க ஆபீஸ்ல போய் அவங்க ஆளுக்குச் சத்தியம் பண்ணுவியா? நம்ம வீட்டை எரிச்சவங்கடி!"

"எரிச்சது இவன் இல்லையே."

கெர்ட் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அக்டோபர் 16

சொல்லிவிட்டேன். சுற்றிலும் காக்கி உடுப்பு. வெள்ளம் வடியக் காத்திருந்தால் பிள்ளை தாங்காது என்றுதான் ஆற்றில் வண்டியை இறக்கியிருப்பான் — அதையும் சொன்னேன். திரும்பியபோது ரயிலடியில் கெர்ட் வண்டியோடு நின்றார்.

அக்டோபர் 30

ஹாலெட்டின் தாய் வந்தாள். எங்கள் நிலத்தில் கோபஸோடு ஒரே குழியில் புதைத்திருந்த அவள் மகனை ராணுவக் கல்லறைக்கு மாற்றலாமா என்று அதிகாரி கேட்டார். "வேண்டாம். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஓடிப்போயிட்டான்னு நானும் நம்பிட்டேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 2

இருமல் நிற்கவில்லை. இப்போது கூடவே ஓர் ஆண்குரல், சமாதானம் சொல்கிறது.

நவம்பர் 21

அவர்கள் கல்லறைக்கான கல்லை கெர்ட் தானே வெட்டுகிறார். யார் பெயர் மேலே என்று கேட்டேன். உளியை நிறுத்தவில்லை.

"அவன் பேருதான். பையனை நெஞ்சோட அணைச்சிருந்தவன் அவன்தானே."