இஞ்சி மூட்டையும் துபாஷியின் நாவும்

திருமகள் நீங்காத வேங்கைநாட்டு வேந்தர், மும்மலை காக்கும் இளந்திரையவர்மர் ஆணைப்படி ஓலைநாயகம் கூத்தாடுந்தேவர் விடுக்கும் ஓலை. கழிமுகப்பட்டினத்து மக்கள் நலமே வாழ்க. அதன் தலைவர் வாணாதிராயரின் நலம், இதை அவர் நிறைவேற்றும் விதத்தைப் பொறுத்தது.

வாணாதிராயரே, புதுச்சரக்கைக் கொணர்ந்து பெயர் சொல்பவருக்கே அதை ஏழாண்டு விற்கும் உரிமை என்பது உம் துறைமுக வழக்கம். ஆங்கிலேய வணிகர் 'ஜிஞ்சர்' என்று எழுதித் தந்தாராம். பழைய பட்டியலில் அப்பெயர் இல்லையென்று, மூட்டையைப் பிரித்தும் பாராமல் உரிமை கொடுத்துவிட்டீர். நம் மலைநாட்டார் சுமந்து வந்த இஞ்சியோ, அவ்வுரிமையைக் காட்டித் தடுக்கப்பட்டு, உம் வாயிலில் கிடந்து அழுகுகிறது. உமக்குக் கண் இல்லையா, மூக்குமா இல்லை?

உம் துறைமுகத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேம்படியாருக்கு மனம் பொறுக்கவில்லை. சபை நடுவே மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். ஆங்கிலேயர் இச்சொல்லைப் பிரெஞ்சுக்காரரிடமும், அவர்கள் இலத்தீனிலிருந்தும், இலத்தீனார் யவனரிடமும், யவனர் வடபுலத்துப் பாலி மொழியாரிடமும் பெற்றனர் என்றும், பாலிக்கு அது நம் 'இஞ்சிவேர்' என்ற சொல்லிலிருந்தே போனது என்றும் எடுத்துரைத்தார். விருந்தினரை இழிவுபடுத்தினார் என்று அவரை உப்புக் கிடங்கில் விலங்கிட்டு, பௌர்ணமியன்று நாவில் சூடு வைக்க நாள் குறித்தீர்.

அவர் மனைவி நாச்சியாள் மூன்று நாள் நடந்து வந்து, தங்களுக்கு வயலும் இல்லை, படகும் இல்லை, அந்த நாவு ஒன்றே சோறு போடுகிறது என்று முறையிட்டாள். வேந்தர் அந்த வணிகரையே அழைத்து வினவினார். அவரோ சிரித்து, தம் நாட்டுக் கற்றோரும் அப்படியே சொல்வர் என்று ஒப்புக்கொண்டு, உரிமை ஓலையைத் திருப்பித் தந்தார். வந்தவருக்கே வராத கோபம் உமக்கு ஏன் ஐயா வந்தது?

ஆகவே ஆணை. வேம்படியாரின் விலங்கை உம் கையாலேயே கழற்றும். மலைநாட்டாருக்கு வாயிலைத் திறந்துவிடும். ஏழு நாள், கரையிறங்கும் ஒவ்வொரு கலத்தின் முன்னும் நின்று, அச்சொல் வந்த வழியை ஒரு படி விடாமல் உரக்கச் சொல்லும். வேம்படியார் பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்துவார். சூடு வைக்க எடுத்துவைத்த கம்பியை இவ்வோலை கொணரும் வீரனிடம் கொடுத்தனுப்பும்.

வேங்கைத்தலை முத்திரையிட்டோம். வேம்படியார் நாவில் ஒரு கொப்புளம் கண்டாலும், அந்தக் கம்பி உம்மைத் தேடித் திரும்பி வரும்.