மைனஸ் இருபதில் ஒரு மஞ்சள் பாட்டில்

செப்டம்பர் 24, 2025
லடாக் குளிரிலும் ஓடுகிற பாட்டரிக்காக நான் செய்யும் கரைசலைச் சோதிக்கணும்; கல்லூரி ஆய்வகத்தில் மைனஸ் இருபதுக்குப் போகிற ஃப்ரீசர் கிடையாது. சங்கரபாண்டி அண்ணாச்சியின் ஐஸ் கம்பெனியில் சும்மா கிடந்த பழைய ஃப்ரீசர்தான் இனி என் லடாக். மூடி இறுக்கிய மஞ்சள் கரைசல் பாட்டில், தெர்மாமீட்டர், இரண்டையும் பார்த்தபடி ஒரு சின்ன கேமரா.

அண்ணாச்சி விளக்கம் கேட்டார். "இது பாட்டரிக்குள்ள ஓடுத தண்ணி மாதிரி அண்ணாச்சி. ஆனா தண்ணி இல்ல. தண்ணின்னா லடாக் குளிர்ல கட்டியாயிரும். இது கரிமக் கரைப்பான், உறையாது."

"குடிக்கலாமா?"

"குடிச்சா செத்துருவீங்க."

"அப்பம் பூட்டு போட்டுருதேன்."

செப்டம்பர் 29
கரைப்பான் உறையவில்லை. ஆனால் அதில் கரைத்திருந்த மஞ்சள் பொருள் அடியில் மணல் மணலாகக் கிடக்கிறது. குளிரில் சிதைந்துவிட்டதா? இல்லை, கரைய முடியாமல் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறதா? சிதைந்திருந்தால் இரண்டு வருட உழைப்பு போச்சு.

என் கைடு மீரா பீவி மேடம் போனில் சொன்னது: "பத்தாம் தேதிக்குள்ள சரி பண்ணு செல்வி. இல்லைன்னா லடாக்ல, லே ஊர்ல நடக்கிற சோதனைக்கு வேற டீமோட கரைசல்தான் போகும்."

கரைசல் போனால்தான் நானும் போவேன். நான் பனியைப் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 30
அதே மணல்.

அக்டோபர் 2
நேற்று ஆயுத பூஜை. கம்பெனியில் எல்லா மெஷினையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். என் ஃப்ரீசருக்கும்! இன்று காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பு. கத்திவிட்டேன். "என்ன அண்ணாச்சி இது, என் சோதனையே போச்சே!"

"மெஷினுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா மக்கா?"

அழுகை வந்தது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதே நாள், மாலை
படங்களை இப்போதுதான் பார்த்தேன். ஃப்ரீசர் மெல்ல மெல்லச் சூடேற, மணலும் மெல்ல மெல்லக் குறைகிறது. மைனஸ் பன்னிரண்டில் மணலே இல்லை. அதே பழைய மஞ்சள். சிதையவில்லை! இடம் போதாமல் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு பொறுமையாக நான் ஒருநாளும் சூடேற்றியிருக்க மாட்டேன்.

அப்படியானால் இன்னும் எட்டு டிகிரி. இன்னொரு கரைப்பானைக் கொஞ்சம் சேர்த்தால்? எவ்வளவு? கெட்டியாகிவிட்டால் பாட்டரிக்குள் கரைசலை ஓட்டும் பம்பு இழுக்காதே?

அக்டோபர் 5
கெட்டியாகிவிட்டது. தேன் மாதிரி. அளவைப் பாதியாக்கணும்.

அக்டோபர் 9
மைனஸ் இருபது. மணல் இல்லை. பம்பு இழுக்கிறது. மேடத்துக்குப் படம் அனுப்பினேன்; "லேவுக்கு உன் கரைசல்தான்" என்றார். அண்ணாச்சியிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். குச்சி ஐஸ் கொடுத்தார்.

நவம்பர் 3
பஜாரில் நாலு கடை ஏறி இறங்கியாச்சு. "ஸ்வெட்டரா? கைக்குழந்தைக்குத்தான் இருக்கு" என்கிறார்கள்.

அம்மா கேட்டாள், "அங்கன எம்புட்டுக் குளிரும் ஏட்டி?" எனக்கும் தெரியாதே. சாயங்காலம் ஐஸ் கம்பெனிக்குப் போய் ஃப்ரீசருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஐயோ! உடனே இழுத்துக்கொண்டேன். பாட்டில் மட்டும் தெளிவாக, மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. அது லேவுக்குத் தயார். எனக்குத்தான் இன்னும் ஸ்வெட்டர் கிடைக்கவில்லை.