குலவிளக்கு என்றதும் சிரித்த குரல்

என் பிரியமான கலாக்காவுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. காரிமங்கலத்தில் இன்னும் மழை இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் பாட்டு எழுதுவேன், நீ பாடுவாய். உண்மையில் ஒரே பாட்டுதான். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுவோம். ஆண் என்றால் வள்ளல், பெண் என்றால் குலவிளக்கு. அந்தச் சொல் வந்தாலே உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "டேய், அந்தம்மா ஊரையே கிழிச்சித் தொங்கவுட்டவங்கடா. குலவிளக்காம்!" என்பாய். நீ சிரித்ததையெல்லாம் ஸ்டுடியோ மணியண்ணன் அழித்துவிட்டு மறுபடி பாடவைப்பார்.

உனக்கும் அதே பாட்டைத்தான் எழுதினேன் அக்கா. என்ன செய்ய, வேறொன்றும் வரவில்லை. பாட ஆளில்லையே என்று நின்றபோது மணியண்ணன், "கலாவே பாடட்டுமே தம்பி" என்றார். உன் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு உன் குரலையே செய்துவிட்டார்.

காரியத்தன்று பந்தலில் அதை ஓடவிட்டோம். எல்லாரும் அழுதார்கள். "குலவிளக்கே" என்று வந்த இடத்தில் நீ சிரித்தாய். லேசாக, மூக்கால். அம்மா சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்து, "கலா, வந்துட்டியா கண்ணு? வூட்டுக்குள்ள வா" என்றாள்.

"சத்தியமா நான் வெக்கல தம்பி" என்றார் மணியண்ணன். "சிரிச்சதெல்லாம் அப்பவே அழிச்சிட்டனே!" அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கற்றுக்கொண்டது? நீயேதானா?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா அந்தப் பாட்டைப் போடச் சொல்கிறாள். நீ சிரிக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி உன்னோடு பேசுகிறாள். பேசிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. என் பொய்யைக் கேட்டுத்தானே சிரிக்கிறாய்?

நேற்று உண்மையை எழுதினேன். நாலே வரி. உன் கடைசி நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தபோது, முகமே தெரியாத ஓர் இண்டூர்க்காரரை வள்ளல் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வரி பாதியில் நின்றுவிடுமே என்று போனைக் கட் செய்தேன். பாவி நான் திரும்பக் கூப்பிடுவதற்குள் நீ போய்விட்டாய். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கலா குரல்லயே போட்டுடலாமா தம்பி?" என்றார் மணியண்ணன்.

"வேணாங்கண்ணா, நானே பாடிக்கிறேன்" என்றேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, கழுதை தேவலை.

இன்று சாயங்காலம் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து பாடினேன். மைக் இல்லை, மியூசிக் இல்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"எத்தன வாட்டி கூப்புட்டா?" என்றாள்.

"மூணு வாட்டிம்மா."

அதற்குப் பிறகு அவள் உன் பாட்டைப் போடச் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை.

அவள் வாய் திறக்கும்வரை அவள் பக்கத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்