அட்டைக்கட்டின் மேல் சிவப்புக் கோடு

இன்று காலையில் மேசை லாச்சியை இழுத்தேன். உன் சிவப்புப் பென்சில் உருண்டு வந்தது. நீ கடித்த பல்லடையாளம் அதில் அப்படியே இருக்கிறது. மன்னாரில் நீ கண்ணை மூடிவிட்டாய் என்று செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையடி. எனக்கு அழுகையைவிடக் கோபந்தான் வந்தது.

துறைமுக அலுவலகத்தில் நாம் இருவரும் அட்டையில் துளை போட்டவர்கள். தற்காலிகத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, வேலைக்கு வந்த வரிசைப்படி. கட்டு ரயிலேறிக் கொழும்புக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது மேலட்டையை முதலில் வாசிக்கும், பிறகு அடுத்ததை. வரிசைப்படி ஆளை நிரந்தரமாக்கி, இடங்கள் நிரம்பியதும் நின்றுவிடும்.

"அதுக்கு ஆளைத் தெரியாது. முன்னுக்கு ஆர் நிக்கிறதெண்டு நாங்கள்தான் பாக்கவேணும்" என்பாய்.

கட்டு கைதவறி விழுந்தால் திரும்ப அடுக்க வேண்டுமே என்று, அதன் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாகச் சிவப்புக் கோடு இழுப்பது உன் வழக்கம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பொட்டு விழும்; மேலட்டையில் இடது ஓரத்தில், அடியட்டையில் வலது ஓரத்தில்.

அந்த வருடம் ஒரேயோர் இடம். முதல் அட்டை கிளிவெட்டி ஊர்க்காரர் ஒருவருடையது. கப்பல் மூட்டை சுமந்தே தோள் சரிந்த மனிதர். நாம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, எங்கள் அலுவலகப் பெரியவர் தன் மச்சானின் அட்டையை அடியிலிருந்து உருவி மேலே செருகிவிட்டார். கோட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! மேலட்டையில் இடது ஓரத்தில் இருக்கவேண்டிய சிவப்புப் பொட்டு வலது ஓரத்தில் இருந்தது.

"ஐயா, இந்த அட்டை எழும்பி நடந்து வந்திருக்கு" என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. அப்படியே அனுப்பச் சொன்னார்.

"ஏலாது ஐயா."

அவர் கண்முன்னாலேயே அட்டையை எடுத்து அடியில் வைத்தாய். நானும் எழுந்து உன் பக்கத்தில் நின்றேன். கிளிவெட்டிக்காரருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, உனக்கு மன்னாருக்கு மாற்றல் கிடைத்தது. ரயிலடியில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, நீ சிரித்தாய். "அட்டையை மாத்தத்தான் அவருக்குத் தெரியேல்லை. ஆளை மாத்த நல்லாத் தெரியும்" என்றாய்.

நேற்றுப் புதிய பெரியவர் என் கதிரையருகே வந்து சுகம் விசாரித்தார். ஓர் அட்டையைக் கொஞ்சம் முன்னுக்கு வைக்கவேண்டுமாம். நாளை காலை கட்டு ரயிலேறுமுன் வந்து பார்ப்பாராம். நான் பிள்ளைகுட்டிக்காரி, மாற்றல் வந்தால் கஷ்டமல்லவா என்று இரக்கம் வேறு. என்ன நெஞ்சழுத்தம் பார்!

கட்டை அடுக்கி, உன் பென்சிலால் மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டேன். பென்சிலையும் அவர் காணட்டும் என்று மேலேயே வைத்திருக்கிறேன்.

மாற்றல் தந்தால் தரட்டும். மன்னாரையே கேட்டு வாங்குவேன். உன்னைப் புதைத்த இடத்தை நான் இன்னும் வந்து பார்க்கவில்லை.